டான்டலியன் நின்ற பாதி

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் பிளாட்டுக்குக் கிட்ட இருந்த பொதுத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்துக்காகப் பல வருடம் காத்திருந்தேன். கிடைத்தது மூலைத் துண்டு. லொறி ஏறி இறுகிய களிமண். மண்வெட்டி பட்டால் துள்ளித் திரும்பும். அதில் செழித்து நின்றது டான்டலியன் என்ற மஞ்சள் பூக் களை மட்டும்தான். களை பக்கத்துத் துண்டுகளுக்குப் பரவினால் நிலத்தைத் திருப்பி எடுத்துவிடுவோம் என்று தோட்டக் குழுத் தலைவி முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆனாலும் நான் அதைப் பிடுங்கவில்லை. பிடுங்க எனக்கென்ன விசரா? அதன் வேர் ஆழமாக இறங்கி இறுகிய மண்ணைத் திறக்கும். அடியில் கிடக்கும் சத்தை இலைக்குக் கொண்டுவரும். இலையை அரிந்து புதைத்தால் அதுவே பசளை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பூவரசங்குழையை உரத்துக்கு மண்ணில் தாழ்த்தவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பூ பஞ்சாகி விதை பறக்காமல் பார்த்தால் போதும். வேலைக்குப் போகமுன் தினமும் போய், சாமிக்கு ஆய்வதுபோல அந்த மஞ்சள் பூக்களைக் கிள்ளி ஆய்ந்தேன். இடையிடையே கீரை விதைத்தேன்.

என் கணவருக்கு மானம் போயிற்று.

"தோட்டமெண்டா புல்லுப் பூண்டில்லாமல் கிடக்கவேணும். பக்கத்துத் துண்டுக்காரர் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். நீங்கள் கை வைக்காதேங்கோ."

கை வைத்தார். பனிக்காலத்துக்குச் சற்று முன் ஒரு சனிக்கிழமை நான் வேலைக்குப் போன நேரம் பாதித் துண்டைக் கொத்தித் துப்புரவாக்கிவிட்டு, இடுப்புப் பிடித்துப்போய் வந்து படுத்துக்கொண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இனி அந்தப் பாதி உங்கட பாடு" என்று சொல்லிவிட்டேன்.

டான்டலியன் வேரைத் துண்டுபோட்டால் துண்டுக்கொன்றாக முளைக்கும். பனி கரைந்து வசந்தம் வந்தபோது அவருடைய பாதி முழுக்க மஞ்சள். சில பூக்கள் பஞ்சாகவும் தொடங்கியிருந்தன. வெட்கத்தில் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வீம்பில் நானும் தொடவில்லை.

அந்த வாரம்தான் தலைவி சுற்றிப் பார்க்க வந்தார். நானும் கணவரும் நின்றோம். என் பாதியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுக்க இறங்கியது. மெச்சித் தலையை ஆட்டினார். மற்றப் பாதியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது யாருடைய வேலை?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

மாதக்கணக்காக நான் வாய்க்குள் வைத்திருந்த பதில் அது. நிலம் போய்விடுமே என்ற பயம் இருந்தாலும், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"மொவா, மதாம். நான்தான். என்ர மனுசி வேண்டாமெண்டு சொன்னவ."

பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். தலைவிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. களையை அடக்க ஒரு கிழமை தவணை தந்துவிட்டுப் போனார். என் கோபம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. கணவர்மேல் பாசமாகத்தான் இருந்தது.

ஊரில் சாமிக்குக்கூட ஒருநாளும் பூ ஆய்ந்திராத மனிதர், வீட்டுக்கு வரும் வழியில் மெல்லச் சொன்னார்:

"விடிய என்னையும் எழுப்பும். பூ ஆய வாறன்."