குளத்தடியில் இறக்கிவிடுங்கோ

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. ஆனாலும் அந்த ரோட்டுக்கும் அந்த பஸ்ஸுக்கும் நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

ஐம்பதை நெருங்கும் எனக்குத் தங்கச்சி கலியாணம் பேசியிருந்தாள். பேசிய பெண் கணவனை இழந்தவர். மட்டக்களப்பில் ஆஸ்பத்திரி வேலை. வீட்டில் சந்தித்தால் ஊர் கதைக்கும் என்று பாதி வழியில் ஒழுங்கு செய்தார்கள்.

"ஹபரணை தாண்டினாப் பிறகு குளத்தடியில ஒரு பார்க் இருக்காம் அண்ணா. கொண்டக்டரிட்டச் சொன்னா இறக்கிவிடுவார். இந்த முறையாவது வாயைத் திறந்து கதையுங்கோ. இனி நான் கலியாணம் பேசமாட்டன்."

முன்பு பேசிய இடங்களெல்லாம் நான் வாய் திறக்காததால் விட்டுப்போனவை.

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளம் என்றால் பேரை வாவி ஒன்றுதான். ஞாயிறு காலை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினேன். சின்னச் சின்ன டவுன்கள் வந்து போயின. பேக்கரி, பாமசி, பிறகு வயல். ஹபரணை தாண்டியதும் எழுந்து போய், "வெவ லங்க பஸ்ஸன்ன" என்று சிங்களத்தில் குளத்தடியில் இறக்கச் சொன்னேன்.

"கொயி வெவத, அய்யே?"

எந்தக் குளம் என்றால் நான் என்ன சொல்ல? "பார்க் இருக்கிற குளம்" என்றேன்.

கொண்டக்டர் பஸ்ஸுக்கே கேட்கும்படி தமிழுக்கு மாறினார். "இந்த ரோட்டில குளம் இல்லாத டவுன் ஒண்டு சொல்லுங்க, அங்க இறக்கிறன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய குளம் போய்க்கொண்டிருந்தது. அதுதானோ? தங்கச்சிக்கு அடித்தேன், ஃபோன் எடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் முக்காடு போட்ட ஓர் அம்மா, யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டார். சொல்லவேண்டியதாயிற்று.

"பொண்ணு பாக்கவா? அப்ப அவங்களுக்கே ஃபோன் அடிச்சுக் கேளுங்களன் தம்பி."

நம்பர் இருந்தது. ஒருநாளும் அடித்ததில்லை.

"வெக்கமா இருக்கு."

"வெக்கத்தோட மட்டக்களப்பு வரைக்கும் போகப்போறீங்களா?"

"ஸ்பீக்கர்ல போடுங்க!" என்றார் முன்சீட்டுக்காரர்.

அடித்தேன். "நான்தான்... பஸ்ஸில வாறன். எந்தக் குளம் எண்டு தெரியாது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "உங்கட தங்கச்சி எனக்கும் குளம் எண்டுதான் சொன்னவ. நானும் அக்காவும் நாலு பேரிட்ட விசாரிச்சுத்தான் வந்து சேர்ந்தம். கொண்டக்டரிட்டக் குடுங்க."

அவர் சிங்களத்தில் சொல்ல, கொண்டக்டர் தலையாட்டினார். அது அடுத்த டவுனாம். பஸ் தரிப்பிடத்தில் நிற்காமல் பார்க் வாசலிலேயே நிறுத்தினார்கள். ரோட்டோரம் பச்சைக் குடையோடு அவர் நின்றார்.

"நல்லாக் கதைங்க தம்பி!" ஜன்னலால் அந்த அம்மா கத்தினார்.

அக்கா கடலை வாங்கப் போனார். தண்ணீரைப் பார்த்த பெஞ்சில் இருந்தோம்.

"கொழும்பில குளமே இல்லையா?" என்று கேட்டார்.

"ஒண்டு இருக்கு. நாறும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகு எனக்குக் கதைக்கக் கஷ்டமாயிருக்கவில்லை. அந்த பஸ்ஸில் வந்த ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. கடைக்குப் போனேன். பின்னேரம் தங்கச்சி ஃபோன் அடித்து, அவர் ஓம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.