பெட்டியில் இருந்த இடது பாதம்

அந்த அண்ணையை எங்கள் ஆட்கள் “உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட புண்ணியவான்” என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் கிரேக்க, ரோமச் சிலைகளின் பிளாஸ்டர் பிரதிகள் நிற்கும் கூடம் ஒன்றை ஒன்பது வருடமாகத் துப்புரவு செய்கிறேன். அந்த அண்ணைதான் எங்களுக்கு மேற்பார்வையாளர். எங்கள் ஆட்களின் கோயில் நிர்வாக சபையிலும் இருக்கிறார். ஆளின் நடையிலேயே இரண்டு பதவியும் தெரியும்.

தூசி தட்டித் தட்டியே எனக்கு அந்தச் சிலைகள் பாடமாகிவிட்டன. வாசலில் நிற்பவன் ஆகப் பழையவன். கைகள் விலாவோடு ஒட்டி, இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்து, பலகை மாதிரி விறைத்து நிற்பான். நாலு சிலை தள்ளிப் போனால், ஒருவன் பாரத்தை ஒரு காலில் போட்டு, மற்றக் குதிக்காலை உயர்த்தி, இடுப்பைச் சரித்திருப்பான். அங்கேதான் சிலைக்கு மூச்சு வந்தது என்பேன். கடைசி வரிசையில் ரோமக் கிழவர்கள். வழுக்கை, சுருக்கம், தொங்கும் கழுத்து, ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும்.

போன வருடம், திருத்துவதற்கென்று உடைந்த துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். மூன்று மூக்கு, சில விரல்கள், ஒரு பாதம். வெள்ளிக்கிழமை அண்ணை அதைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்தார்.

“பின்னமான சிலையை உள்ளுக்க வைச்சிருக்கலாமோ தங்கச்சி? குப்பையில போட்டாலும் பாவம். துறைமுகத்துக்குக் கொண்டுபோய் முறையாத் தண்ணியில விட்டிட்டன்.”

“ஐயோ, ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்? அது சாமியில்லை அண்ணை!”

“சிலையெண்டாச் சிலைதான்.”

திங்கட்கிழமை கூடத்தின் பொறுப்பாளரான டேனிஷ் பெண்மணி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, பெட்டி எங்கே என்று கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பாமலே, நான் குப்பையென்று எறிந்திருப்பேன் என்றார், நல்ல டேனிஷில். அடப்பாவி! அந்த ஒரு சொல்லே என் வேலையைப் பறிக்கப் போதும். ஐம்பத்தாறு வயதில், இந்த முழங்கால் நோவோடு, எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

நான் பொறுப்பாளரிடம் சொன்னேன். “அதில் இருந்தது இடது பாதம். குதிக்கால் உயர்ந்திருந்தது. விறைத்து நின்ற காலத்துப் பாதம் இல்லை, பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிய பிறகு வந்தது. ஜன்னலோரத்தில் பாதமில்லாமல் நிற்கும் சிலையினுடையது. இதெல்லாம் தெரிந்தவள் அதைக் குப்பையில் போடுவாளா?” டேனிஷில் நாக்கு இடறியது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

பொறுப்பாளர் அண்ணையின் பக்கம் திரும்பி, “பெட்டி எங்கே?” என்று அவரிடம் மட்டும் கேட்டார்.

அண்ணையின் கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன.

“வாசல்ல நிக்கிறவன் மாதிரி விறைச்சுப்போய் நிக்காதேங்கோ அண்ணை,” என்றேன் தமிழில். “கடலுக்க விட்டனான் எண்டு சொல்லுங்கோ. புண்ணியம் எண்டுதானே செய்தனீங்கள், பிறகென்ன பயம்?”

அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். என் வேலை தப்பியது. அண்ணையைக் காட்டிக்கொடுத்தேனாம், கோயிலில் இப்போது ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். வாசலில் நிற்கும் அந்த விறைத்தவனுக்கு மட்டும் இன்றுவரை கடைசியாகத்தான் தூசி தட்டுகிறேன்.