பச்சையம்மாவின் பூப்போட்ட ஜாடி

பெரும்பாக்கம் குடியிருப்புக்குள் நுழைந்து பச்சையம்மா எங்கே என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், குரல் வந்துவிடும். "அடியே ஏஞ்சலு, செருப்ப மாத்திப் போட்டுகினு எங்க போற?" என்று கீழே அங்கன்வாடி வாசலிலிருந்து அவள் கேட்டால், நாலாவது மாடியில் வேறு ஏதோ ஒரு பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட குரல்.

வயது நாற்பத்தாறு. அந்த அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பிள்ளைகளுக்கு அவள் ஆயா, மற்ற எல்லாருக்கும் அக்கா. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து லாரியில் சாமான்களோடு சாமானாக ஏற்றி வந்து இங்கே இறக்கிவிட்டபோது, முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டாள். மூன்றாவது வாரத்துக்குள் மொத்த பிளாக்கும் அவள் கைக்குள் வந்துவிட்டது. புருஷன் தாமோதரன் பெயிண்டர், பேசாத மனுஷன். வீட்டில் பேசுவதற்கு ஒருவர் போதாதா என்று அவரும் விட்டுவிட்டார். மகன் வேலைக்கு ஓசூர் போய்விட்டான்.

காலையில் பெருக்குவது, சமைப்பது, இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவது, முட்டை உரிப்பது, மத்தியானம் பாயை விரித்துத் தூங்க வைப்பது, எல்லாம் அவள்தான். மாதம் ஒரு தடவை பிள்ளைகளை எடை பார்க்கும் நாளில் மட்டும் அவளுக்குத் தனி கித்தாப்பு. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே, "பதிமூணு கிலோ நூறு" என்பாள். தொங்கு தராசில் உட்கார வைத்தால் முள் பதிமூன்று நூறில் நிற்கும். "எனக்கு தராசு எதுக்கு டீச்சர்? என் இடுப்பு சொல்லும்" என்பாள். இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகும் டீச்சர் சத்யபிரியாவும் அவளை மடக்கிவிட இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள், முடியவில்லை.

ஜாடிக்கு வருவோம். போன வருஷத் தீபாவளிக்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்தபோது குலுக்கல் சீட்டு கொடுத்தார்கள். பச்சையம்மாவுக்குப் பரிசு விழுந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு விழுந்த ஒரே பரிசு. நீலப்பூ போட்ட பீங்கான் தண்ணீர் ஜாடி, கீழே குழாய், மேலே தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைக்கிற மாதிரி. அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்ற கண்டக்டரிடம், "கைக்கொழந்தைன்னு நெனச்சிக்கோ, அதுக்கு டிக்கெட்டா கேப்ப?" என்றாள். கண்டக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவு ஆசையாகக் கொண்டு வந்ததை வீட்டில் வைத்துக்கொண்டாளா? இல்லை. மறுநாளே அங்கன்வாடிக்குத் தூக்கி வந்துவிட்டாள். "என் புள்ளைங்க இதுல குடிக்கட்டும்." அன்றிலிருந்து தினமும் காலையில் ஈரத்துணியால் ஜாடியைத் துடைத்துப் பளபளவென்று வைப்பாள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். வேறு யாரும் கை வைக்கக்கூடாது, டீச்சர் உட்பட.

புரட்டாசியில் ஆரம்பித்தது தொல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. அடுத்த வாரம் ஐந்து பேர். வீட்டிலேயே நாலு நாள் கிடந்தால் சரியாகிவிடும், திரும்பி வந்தால் மூன்றாம் நாள் மறுபடியும் சுருண்டு படுக்கும். எல்லாரையும்விட மோசம் ஏஞ்சல்தான். மூன்றரை வயசு, வாயாடி. முதல் மாடி செல்வமேரியின் மகள். எடை பார்க்கிற நாளில் அவளைத் தூக்கிய பச்சையம்மாவுக்குத் திக்கென்றது. கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. "பத்து தொள்ளாயிரம்" என்றாள். இந்தத் தடவை தன் கணக்கு தப்பாகிவிடக் கூடாதா என்று முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பவில்லை. வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டில் இருந்த பிள்ளை, எடை குறைந்து மஞ்சளுக்கு இறங்கிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் உப்பு சர்க்கரைப் பொடியும் துத்தநாக மாத்திரையும் கொடுத்து, "தண்ணி வழியா வர்றது, குடிக்கிற தண்ணிய பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். பச்சையம்மா அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். சோறு ஆக்குவது அவள். கை கழுவி விடுவது அவள். வெளியிலிருந்து அங்கன்வாடிக்குள் வருவது ஒன்றே ஒன்றுதான், ஜெயவேலுவின் தண்ணீர் கேன்.

ஜெயவேலு குட்டியானை வண்டியில் கேன் போடுகிறவன், நல்ல பையன் என்று அதுவரை அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் பிளாக் படிக்கட்டுக்குக் கீழே அவன் வண்டியை நிறுத்தியதும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா தண்ணிடா போடுற நீ? கேனா அது, சாக்கட. எங்க புள்ளைங்கள கொல்லப் பாக்குறியா?"

"யக்கா, சீல் வச்ச கேனுக்கா. கம்பெனில புட்சி அப்டியே கொண்டாறேன்."

"சீலு வெளிய கீது. உள்ள இன்னா கீதுன்னு நீ பாத்தியா?"

நாலு மாடியும் எட்டிப் பார்த்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தோடு நின்றார்கள். ஜெயவேலு முகம் செத்துப்போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அடுத்த நாளிலிருந்து பிளாக்கில் பாதி வீடு அவனிடம் கேன் வாங்கவில்லை. அவனும் வண்டியை அடுத்த பிளாக்கோடு நிறுத்திக்கொண்டான். அங்கன்வாடிக்கு வேறு ஆள் கேன் போட்டான். பிள்ளைகளுக்கு மட்டும் குணமாகவில்லை.

அந்த நேரத்தில்தான் சத்யபிரியா ஒரு நாள் பயிற்சிக்குப் போய், தண்ணீர் சோதிக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகள் மூன்று வாங்கி வந்தாள். உள்ளே ஒரு காகிதத் துண்டு. தண்ணீரைக் கோடு வரை ஊற்றி மூடி, இரண்டு நாள் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். கிருமி இருந்தால் கறுத்துப்போகும், இல்லையென்றால் அப்படியே இருக்கும். தெருக்குழாயில் ஒன்று, மூலையில் மிச்சமிருந்த ஜெயவேலுவின் கேனைச் சீல் உடைத்து நேராக ஒன்று, பிள்ளைகள் குடிக்கிற ஜாடிக் குழாயில் ஒன்று என்று பிடித்து, குழாய், கேன், ஜாடி என்று சீட்டு எழுதி ஒட்டினாள் டீச்சர். ஜாடித் தண்ணீர் எதற்கு என்று பச்சையம்மாவுக்குப் புரியவில்லை. "மூணாவது சும்மாதான கீது, ஊத்துங்க" என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகை மாசம், விடாத மழை, சுவரெல்லாம் ஜில்லென்றிருந்தது. கதகதப்புக்கு எங்கே போவது? "என் இடுப்பு கீதே" என்றாள் பச்சையம்மா. குப்பிகளைத் துணியில் சுற்றி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளும் குனிய முடியாமல், ஒரு கையை இடுப்பில் தாங்கியபடி மெல்ல நடந்தவளைப் பார்த்து, "இன்னாக்கா, எத்தினியாவது மாசம்?" என்று மாடிக்கு மாடி கேலி. "மூணு கீதுடி உள்ள, மூணும் கண்ணாடி" என்று அவளும் விடவில்லை. ராத்திரி தாமோதரன் தலையணையைத் தூக்கிக்கொண்டு தரையில் போய்ப் படுத்தார். உடைந்தால் பழி தன் மேல் வருமே.

மூன்றாம் நாள் காலையில் அங்கன்வாடியை முதல் ஆளாகத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிரித்தாள். குழாய்த் தண்ணீர் தெளிவாக இருந்தது. கேன் தண்ணீரும் தெளிவு. ஜாடி என்று ஒட்டியிருந்த குப்பி மை ஊற்றின மாதிரி கறுத்திருந்தது.

குப்பியை வைத்துவிட்டு எழுந்து, ஜாடி மேலிருந்த கேனை இறக்கி வைத்துவிட்டு உள்ளே கையை விட்டாள். விரலெல்லாம் வழவழவென்று ஒட்டியது. உள்சுவர் முழுக்கப் பாசி, அடியில் இரண்டு செத்த எறும்பு, ஒரு சீல் துண்டு. ஒரு கேன் தீர்ந்தால் அடுத்த கேன் ஏறிவிடும். வெளியே தினமும் துடைத்தவள் இந்த ஒரு வருஷத்தில் உள்ளே ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குப்பிகளிடம் வந்து உட்கார்ந்தாள்.

அவள் நல்லவள்தான், ஆனாலும் மனுஷிதானே. இடுப்பு வேர்வையில் சீட்டுகள் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தன. கேன் சீட்டை எடுத்துக் கறுப்புக் குப்பியில் ஒட்டினால் ஆச்சு. ஜாடியைச் சத்தமில்லாமல் கழுவி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கும் குணமாகிவிடும். டீச்சர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. விரல் சீட்டின் நுனியைத் தொட்டும் விட்டது.

"ஆயா, தண்ணி."

ஏஞ்சல். கையில் அவளுடைய சிவப்பு டம்ளர், பின்னால் செல்வமேரி. குழந்தை வழக்கம்போல நேராக ஜாடிக் குழாய்க்குப் போய் டம்ளரை நீட்டியது. நெஞ்செலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. பச்சையம்மா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, டம்ளரைப் பிடுங்கிவிட்டாள்.

"வேணாண்டா கண்ணு. இது அழுக்கு. ஆயா கழுவவே இல்ல."

சொல்லிவிட்டாள். செல்வமேரியும் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் எந்தச் சீட்டை எதில் ஒட்டி என்ன ஆகப்போகிறது? குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, குப்பியைச் செல்வமேரியிடம் காட்டி, டீச்சர் வந்ததும் அவளிடமும் காட்டி, அன்றைக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது ஜாடியை நார் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மூன்று தடவை அலசிக் கவிழ்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். "எல்லாருக்கும் சொல்லணும்னு இல்லக்கா, நான் ரிப்போர்ட்ல எழுதிக்கறேன்" என்று சத்யபிரியா சொல்லிப் பார்த்தாள். பச்சையம்மா கேட்கவில்லை. "அவன எத்தினி பேர் முன்னாடி திட்டுனேனோ, அத்தினி பேர் முன்னாடி சொல்லணும் டீச்சர்." லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறி, அன்றைக்கு எட்டிப் பார்த்தவர்கள் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக் கூப்பிட்டாள். குடத்தோடு நின்றவர்களைக் குடத்தோடேயே வரச் சொன்னாள். அடுத்த பிளாக்கில் நின்ற ஜெயவேலுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் மறுபடியும் திட்டு வாங்கத்தான் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

"இதோ, இதே எடத்துல நின்னுகினுதான் வேலு கேன சாக்கடன்னு சொன்னேன்" என்றாள் பச்சையம்மா. "சாக்கட அவன் கேன்ல இல்ல. என் ஜாடில கீது. ஒரு வருசமா வெளிய தொடச்சிகினு இருந்தேன், உள்ள கைய வுடல. உங்க புள்ளைங்களுக்கு வவுத்தால போனது என்னாலதான். வேலு, நான் பேசுனது தப்பு."

கோபப்படுகிற உரிமை செல்வமேரிக்குத்தான் அதிகம். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"இப்ப கழுவிட்டியாக்கா?"

"கழுவிட்டேன். பிளீச்சிங் போட்டு மூணு வாட்டி."

செல்வமேரி தரையைப் பார்த்தாள். "எங்க வூட்டு ஜாடி வாங்கி ரெண்டு வருசம் ஆவுது. நானும் உள்ள பாத்ததே இல்லக்கா."

பக்கத்தில் நின்றவள் எதிரில் நின்றவளைப் பார்த்தாள். அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். அப்போதுதான் ஜெயவேலு தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "சாக்கடன்னு சொன்னது கூட பரவால்லக்கா. தினம் நூறு கேன் போடுறேன், எங்க வூட்டு ஜாடிய நெனச்சாதான் பேஜாரா கீது."

முதலில் சிரித்தது பச்சையம்மா. அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்து வந்ததில் அது சிரிப்பா என்னவென்றே தெரியவில்லை. பிறகு படிக்கட்டே அதிர்ந்தது. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. நாலு மாடி வராந்தாவிலும் பீங்கான், பிளாஸ்டிக், ஸ்டீல் என்று அத்தனை ஜாடிகளும் கவிழ்ந்து காய்ந்தன. பார்க்கிறவர்களுக்கு இந்த பிளாக்கில் என்ன பண்டிகை என்று சந்தேகம் வந்திருக்கும். ஜெயவேலு வண்டியைப் பழையபடி படிக்கட்டடியில் நிறுத்தினான். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, கேன் வாங்குவதற்கு முன்னால் ஜாடியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்று அவனே சட்டம் போட்டான். இரண்டாவது முறை சோதித்த ஜாடிக் குப்பி கறுக்கவில்லை.

தை மாதம் எடை பார்க்கிற நாள் வந்தது. தராசை அங்கன்வாடி வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள் பிள்ளைகள் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தார்கள், முட்டைக்குச் சண்டையும் ஆரம்பமாகியிருந்தது. ஏஞ்சல் முறை வந்ததும் மேலே மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. பச்சையம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தராசில் உட்கார வைத்தாள். முள் ஆடி ஆடி நின்றது. சத்யபிரியா அட்டையில் புள்ளி வைத்து, பச்சைக் கோடு என்று விரலால் காட்டினாள்.

"எத்தினிக்கா?" என்று மேலேயிருந்து செல்வமேரி கேட்டாள்.

பச்சையம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"இன்னாக்கா, சத்தத்தையே காணோம்?" என்றது மூன்றாவது மாடி.

தராசில் ஆடிக்கொண்டிருந்த ஏஞ்சல் ஆயாவின் முகத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். "பதினொண்ணு எழுநூறு" என்று டீச்சர் அவள் காதில் சொல்லிக்கொடுத்தாள். குழந்தை இரண்டு கையையும் வாயருகே வைத்துக்கொண்டு, நாலாவது மாடிக்கும் கேட்கிற மாதிரி அதைக் கத்திச் சொன்னது.