யாகப்பர் அத்தானும் மலிவு விமானமும்

யாகப்பர் என் அக்கா அகஸ்ரினாவின் கணவர். ஓலைத்தொடுவாயில் கரைவலைச் சம்மாட்டி. சம்மாட்டி என்றதும் பெரிய முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். வலையும் தோணியும் அவருடையவை, அவ்வளவுதான். கயிறு இழுக்கிற இருபத்திரண்டு பேரில் அவரும் ஒருவர். இடக்கையில் இரண்டு விரல் கிடையாது. ஆனாலும் அவர் போட்ட முடிச்சைப் பத்து விரல் உள்ளவர்கள் அவிழ்க்கச் சிரமப்படுவார்கள்.

இந்த வருடம் வாடைக்காற்று அடங்கி, வலை இறக்கத் தொடங்கிய கிழமை அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் குடும்பத்தில் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். அக்கா வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வாசித்தேன்.

விலை குறைந்த சிறிய தாக்குதல் விமானங்களை வாங்குவது நாட்டுக்கு நல்லதா என்று ஆராய ஒரு குழுவை அமைத்திருக்கிறார்களாம். வாங்கினால் பயிற்சிக்கு ஒரு கடற்பகுதி வேண்டுமாம். கரையோர மக்களின் கருத்தைக் கேட்க வருகிறார்களாம். கடிதத்தோடு ஒரு வரைபடமும் இருந்தது. அதில் கடலில் ஒரு துண்டுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் வலை இழுக்கிற கரை, நாங்கள் பாடு என்று சொல்வது, முழுதாக அந்தச் சிவப்புக்குள் கிடந்தது. கிழமைக்கு மூன்று நாள் பயிற்சி. தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு சங்கு ஊதுவார்கள். எல்லோரும் வெளியேற வேண்டும்.

“முக்கால் மணித்தியாலமோ? அந்த இடத்தைத் திருப்பி வாசி றொசானா,” என்றார் அத்தான்.

வாசித்தேன்.

“பாடு போனா நாங்கள் எங்க போறது?” என்றாள் அக்கா.

“போகாது,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கூட்டம் தோட்டவெளியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அத்தான் என்னையும் கூட்டிப்போனார். குழுவில் மூன்று பேர். தலைவர் கோட்டுப் போட்டிருந்தார். ஒருவர் முழு நேரமும் எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாமவர் நரைத்த தலையுள்ள ஓய்வுபெற்ற விமானி. அவர்கள் சிங்களத்தில் சொன்னதை மன்னார் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கும் ஜுனைதீன் தமிழில் சொன்னார்.

விமானிதான் விளக்கினார். பெரிய ஜெட் ஒரு மணி நேரம் பறக்கிற செலவில் சின்ன விமானம் பல நாள் பறக்கும். சிறிய ஓடுபாதையிலும் இறங்கும். மெதுவாகப் பறப்பதால் ஓட்டுகிறவருக்குக் கீழே இருப்பது நன்றாகத் தெரியும், தவறு குறையும். இன்று நமக்கு யாரோடும் பெரிய போர் இல்லை. படகில் போதைப்பொருள் கடத்துகிறவனை மறிக்க ஜெட் எதற்கு?

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடையில் உப்பு வாங்க யாரும் லொறியில் போவதில்லையே.

பின்வரிசையிலிருந்து கொன்ஸ்ரன்ரைன் எழும்பினார். அத்தானோடு கயிறு பிடிக்கிறவர். எங்கே போனாலும் பகிடி விடாமல் வரமாட்டார்.

“சேர், அவ்வளவு மலிவெண்டா எங்கட சங்கத்துக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ. எங்கட கடலுக்குள்ள வாற இந்தியன் றோலர் படகுகளைக் கலைக்க உதவும்.”

சனம் சிரித்தது. ஜுனைதீன் அதையும் மொழிபெயர்த்தார். விமானியும் சிரித்தார்.

அத்தான் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னார்: “ஐயா, எனக்கு அந்த மலிவுதான் பயம். பெரிசு சண்டை நேரத்தில ஒருக்கா இரைஞ்சுகொண்டு வரும், போயிடும். சின்னது காலமையும் வரும், பின்னேரமும் வரும். செலவில்லாத சாமானை ஆர் வீட்டில சும்மா வைச்சிருக்கிறது? எடுக்கத்தான் கை போகும்.”

“ஆனால் சின்ன விமானத்தில் இருப்பவருக்குக் கண் தெரியும். ஜெட்டில் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது,” என்றார் விமானி.

அத்தான் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். “இதைச் செய்தவருக்கும் கண் தெரிஞ்சதுதான் ஐயா.”

அந்தக் கதை எங்கள் ஊருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அத்தான் சொன்னார். கரைவலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒரே அடியெடுத்து, பின்பக்கமாக நடப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டு ஓடிப்போய் முன்னால் பிடிப்பார். அது சண்டைக் காலம், அத்தானுக்கு அப்போது பதினெட்டு வயது. ஒரு காலை சின்ன விமானம் ஒன்று வந்து கரைக்கு மேல் இரண்டு முறை சுற்றியது. எங்கள் ஆட்கள் கயிற்றை விடவில்லை. ஓடினால்தான் சந்தேகப்படுவான், வேலை செய்தால் மீன்காரர் என்று கண்டுகொள்வான் என்று நினைத்தார்கள். அடி இன்னும் ஒழுங்காக வர, கயிறு இழுக்கும்போது படிக்கிற அம்பாப் பாட்டைக்கூட உரத்துப் படித்தார்களாம். மேலே இருந்தவருக்கு இரண்டு வரிசை ஆட்கள் அடி போட்டுப் பயிற்சி எடுப்பதாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் சுட்டது. அத்தானின் இரண்டு விரல் அதில்தான் போயின. அத்தானுக்கு முன்னால் கயிறு பிடித்த இன்பாஸ் அந்த மணலிலேயே இறந்துபோனார். ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி கொடுக்கட்டும்.

“அவர் வடிவாப் பார்த்தவர் ஐயா. ரெண்டு தரம் சுத்திப் பார்த்தவர். பார்த்தது அவருக்கு விளங்கேல்லை,” என்று முடித்தார் அத்தான்.

ஜுனைதீன் இதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தார். தலைவர், நடந்தது வருத்தத்துக்குரியது என்றும், இப்போது கேட்பது பயிற்சிக்கான இடம் மட்டுமே என்றும், சங்கு ஊதியதும் வலையை விட்டுவிட்டு வந்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்றும் சொன்னார்.

வலையை விட்டுவிட்டு என்றதும் மண்டபத்தில் சலசலப்பு.

“முக்கால் மணித்தியாலத்தில வலை வராது ஐயா. விடவும் ஏலாது,” என்றார் அத்தான். “நாளைக்குக் காலமை வாங்கோ. நான் கயிறு தாறன். சங்கை நீங்களே ஊதுங்கோ.”

மறுநாள் தலைவர் வரவில்லை. விமானியும் ஜுனைதீனும் வந்தார்கள். விமானி சப்பாத்தைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்தார். அத்தான் சிலுவை அடையாளம் போட்டுத் தோணியைத் தள்ளினார். தோணி வலையை வளைத்துப் போட்டுக் கரைக்கு வந்ததும் இரண்டு கூட்டமும் இழுக்கத் தொடங்கின. விமானியை அத்தான் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

“சேர், கையால இழுக்காதேங்கோ, உடம்பைச் சரியுங்கோ,” என்று கொன்ஸ்ரன்ரைன் வகுப்பு எடுத்தார். “பிளேன் ஓட்டினதை விடக் கஷ்டமோ?”

“இதுக்கு இருக்கை இல்லையே,” என்றார் விமானி. ஜுனைதீன் மூச்சு வாங்கிக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

சங்குக்குப் பதிலாக ஜீப்பின் ஹோர்னை அடித்து நேரம் குறித்தார்கள். முக்கால் மணி நேரம் முடிந்தபோது கயிறுதான் வந்திருந்தது, வலையைக் கண்ணாலும் காணவில்லை.

“இப்போது விட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டார் விமானி.

“நீரோட்டம் வலையைக் கல்லுக்குக் கொண்டுபோகும். கிழிஞ்சா இந்த வருசம் முடிஞ்சுது,” என்றார் அத்தான். பிறகு கடலைக் காட்டினார். “அதை விடுங்கோ. அங்க பாருங்கோ.”

தூரத்தில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது. எங்கள் மில்ரன். வலையின் நடுவில் மீன் சேருகிற பையான மடி எங்காவது சிக்கினால் முங்கி எடுத்துவிட, அதோடு ஒருவர் நீந்திக்கொண்டே வருவார்.

“மில்ரனுக்குச் சங்கும் கேக்காது, ஹோர்னும் கேக்காது. நாங்கள் கயிற்றை விட்டா அவன் வலைக்குள்ள. ஆர் விடுறது?”

விமானி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் மறுபடி பிடித்தார். மடி கரை ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனது. சாளை மீனும் சூடை மீனும் பரவாயில்லாமல் பட்டிருந்தன. மில்ரன் நடுங்கிக்கொண்டு மணலில் குந்தினான். அக்கா கொடுத்த பிளேன்ரீக் கோப்பையைக்கூட விமானியால் சரியாகப் பிடிக்க முடியவில்லை, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

“விமானம் வாங்க வேண்டாம் எண்டு எழுதுவியளோ?” என்று அத்தான் நேராகக் கேட்டார்.

“மாட்டேன்,” என்றார் விமானி. “ஜெட்டை விட அதுதான் நல்லது என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னதாகவே எழுதுவேன். ஒரு சொல்லும் குறையாது.”

“நல்லது. நானும் சொல்லுறதை விடமாட்டன்.”

இருவரும் கை குலுக்கவில்லை. விமானியின் கை அந்த நிலையில் இல்லை. அக்கா ஒரு பையில் சூடை மீன் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதே கதிரை, அதே முற்றம். விமானம் வாங்குவது பற்றி இன்னும் முடிவில்லை. ஆனால் எங்கள் பாடு சிவப்பிலிருந்து எடுபட்டுவிட்டது. அக்கா அழுதுவிட்டாள். ஞாயிறு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றாள். நானும் மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

அத்தான் கடிதத்தோடு வந்த புது வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். “சிவப்பு இல்லாமல் போகேல்லையே. கடலை விட்டு இஞ்ச, தரைக்கு நகர்ந்திருக்கு. இது எவடம்?”

“பாப்பாமோட்டைப் பக்கம்,” என்றேன்.

“அங்க ஆர் இருக்கினம்?”

“வயல் செய்யிற சனம். கனபேர் இந்தியா அகதி முகாமில இருந்து திரும்பினவை.”

அவர் ஜுனைதீனுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த ஊருக்குக் கடிதம் போய்விட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று பதில் வந்தது.

அங்கே நின்ற கொன்ஸ்ரன்ரைன் சொன்னார்: “எங்கட பாடு தப்பீட்டுது. பேசாமல் இரு மச்சான். அவை கடலிலயோ நிக்கினம், ஓடத் தெரியாமல்?”

“ஓடி ஓடி இராமேஸ்வரம் வரைக்கும் போய் வந்த சனமடா,” என்றார் அத்தான். “இனியும் அவையை ஓடச் சொல்லுறதோ? நான் தள்ளி விட்டது போய் அவையின்ர தலையில விழுந்திருக்கு.”

திங்கட்கிழமை வலை இறங்கவில்லை. அத்தான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கடிதத்தையும் வரைபடத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி நான் கையில் வைத்திருந்தேன். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினோம். முதல் வீட்டில் ஒரு பெண் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?”

“உங்களைத்தான் தங்கச்சி,” என்றார் அத்தான். “பக்கத்து வீட்டாக்களையும் கூப்பிடுங்கோ. ஒரு கடிதம் இருக்கு. றொசானா வாசிப்பா.”