நரிக்கு எட்டிய வேப்பெண்ணெய் மணம்

நான் பள்ளிக்கூடம் போகாதவள். சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஒஸ்லோவுக்கு வெளியே, என் மருமகனின் சிநேகிதர் வளர்க்கும் கோழிகளை ஒரு நரி தின்றுகொண்டிருந்தது. மிஞ்சியது மூன்றுதான். வேட்டைச் சோதனை பாஸ் பண்ணிய மருமகன் முதல்முறையாகத் துவக்கோடு கிளம்ப, ரொட்டி கட்டிக்கொண்டு நானும் போனேன். காட்டில் நுளம்பு மொய்த்துக் கடித்தது. பாவம் பிள்ளை என்று அவர் கழுத்தெல்லாம் வேப்பெண்ணெய் பூசினேன்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நரி வந்தது. மூக்கைத் தூக்கி மணந்து பார்த்தது, திரும்பி ஓடிவிட்டது! உடனே மழை கொட்டி எண்ணெயைக் கழுவ, நுளம்பும் திரும்பியது.

"மாமி, நாங்கள் வாறமெண்டு நரிக்குக் கடிதம் போட்டனீங்களோ?"

"ஓம் தம்பி, உங்களை நுளம்பு கடிக்க விட ஏலுமோ?"

நனைந்த ரொட்டியைச் சிரித்துச் சிரித்துத் தின்றோம்.

இப்போதெல்லாம் எண்ணெய் வீட்டிலேயே இருக்கும். பழைய வலைத் திரைச்சீலையில் நான் தைத்த தொப்பியைத்தான் அவருக்கு மாட்டிவிடுகிறேன். நரி இன்னும் அகப்படவில்லை, நுளம்புதான் பட்டினி.