பேரரசர் கல்லூரியும் நீல டைல்ஸும்

வாப்பாவுக்குத் துபாயில், சத்வா பகுதியில் பாத்திரக் கடை. வருடத்துக்கு இரண்டு முறை சரக்கெடுக்கச் சீனா போவார். எங்களை ஒருமுறைகூட அழைத்துப் போனதில்லை. நான் எட்டாவது முடித்த விடுமுறையில் திடீரென்று எல்லோருக்கும் டிக்கெட் போட்டார். வகுப்பில் முதலாவதாக வந்ததற்குப் பரிசு என்று நானே முடிவுசெய்துகொண்டேன். தோழிகளிடமும் அப்படியே சொல்லித் திரிந்தேன்.

முதலில் பீஜிங். வாப்பாவுக்கு மொழிபெயர்க்கும் சீனத்துப் பெண் எங்களைப் பேரரசர் காலத்துக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள். வட்டக் குளத்தின் நடுவே ஒரு மண்டபம். பேரரசரே அங்கே உட்கார்ந்து பாடம் சொல்வாராம். பக்கத்து வளாகத்தில் ஆளுயரக் கற்கள் வரிசையாக நின்றன. அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்களை அவற்றில் வெட்டியிருந்தார்கள்.

வாப்பா காக்காவை ஒரு கல்லின் முன்னால் நிறுத்தினார். காக்கா என்றால் அண்ணன்; அந்த வருடம் கணக்கில் கோட்டைவிட்டவன். "நிமிந்து நில்லு. ஒன் பேரும் இப்படி வரணும்" என்றார். போன் என் கையில். ஏழெட்டுப் படம் எடுத்தேன். என்னை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எரிச்சலோடு அந்தப் பெண்ணிடம், இதில் பெண்கள் பெயர் எது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்றுகூட இல்லை, பெண்களைத் தேர்வெழுத விட்டதில்லை என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பா என் தலையைத் தடவி, "அதெல்லாம் அந்தக் காலத்துலம்மா" என்றார்.

அங்கிருந்து குவாங்சோ போனோம். பாத்திரம் வாங்குமுன் வாப்பா ஒரு டைல்ஸ் கடைக்குள் நுழைந்தார்.

"ஒனக்கு எது புடிச்சிருக்கு?"

வாப்பா என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீலத்தைக் காட்டினேன். காக்கா பச்சை என்றான். வாப்பா அவனைச் சும்மா இருக்கச் சொன்னார். படம் எடுக்காத கோபமெல்லாம் அத்தோடு போயிற்று. உம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். இது எனக்கும் தெரியும். ஊரில் என் பேரில் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது தெரியாது. பள்ளியில் வாங்கிய என் டி.சி. வாப்பாவின் பையில் இருந்ததும் தெரியாது. திரும்பியதும் என்னையும் உம்மாவையும் ஊருக்கு அனுப்பினார். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. காக்காவை இன்ஜினியரிங்கில் சேர்த்தார்கள்.

தினமும் அந்த நீல டைல்ஸைத்தான் துடைக்கிறேன். வாப்பா மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைவிட ஆத்திரம், அத்தனை நிறங்களுக்கு நடுவே விரல் நீட்டி, இதுதான் வேண்டும் என்று சிரித்தாளே, அந்தப் பதிமூன்று வயதுக்காரி மேல்தான். பரிசு வாங்க வந்திருக்கிறோம் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.