மூன்று விரல் வெடிமருந்து

எங்கள் வீட்டு வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த தும்புத்தடுக்கின் ஒரு மூலை மொட்டையாகிப் போனதற்கு அம்மாவிடம் ஏச்சு வாங்கியது நான். பிடுங்கியது மாமா. எனக்கு அப்போது பத்து வயது. வாயைத் திறக்காமல் அவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொண்டதில் எனக்குப் பெரிய பெருமை.

மாமா அம்மாவின் தம்பி. சண்டை முடிந்தபின் வன்னியிலிருந்து தப்பி வந்து, டென்மார்க்கில் ஒரு அகதி முகாமில் முடிவுக்காகக் காத்திருந்தார். சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்து சில்க்போர்க்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் விசாரணைக்கு முன்னர் அப்பா அவரைச் சாப்பாட்டு மேசையில் இருத்திப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

“துவக்கைக் கண்ணாலயும் காணேல்லை எண்டு சொல்லும். பண்டி சுட்ட கதையும் வேண்டாம். இவங்களுக்குத் துவக்கெண்டால் எல்லாம் ஒண்டுதான்.”

மாமா தலையாட்டினார், விசாரணையில் அப்படியே சொல்லியும் விட்டார். மேசையின் மறுபக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்த எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவுக்குத் துவக்குக் கதை பிடிக்காது.

பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தனி ஆள், வேட்டைப் பைத்தியம். புதுத் துவக்குகள் அவருக்கு ஆகாது. வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, சன்னமென்கிற சிறு குண்டுகளைப் போட்டு, நீளத் தடியால் இடித்து இறுக்குகிற பழைய துவக்குத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை அவருக்கு வேலி வெட்ட உதவப்போன மாமா, கொட்டிலுக்குள் அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். “இது எங்கட இடியனல்லோ!” என்றார். அவர் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. வன்னியில் தங்கள் வயலைப் பன்றிகளிடமிருந்து காக்க, சின்ன வயதில் இருந்தே அவர் பிடித்தது அந்த மாதிரித் துவக்கைத்தான்.

டேனிஷ்காரருக்கு ஒரு கவலை இருந்தது. இந்த நாட்டில் ஈயச் சன்னம் தடை. இரும்புச் சன்னம் பழைய குழாயைக் கீறிவிடும். ஆகவே பிஸ்மத் என்று ஈயத்தைவிட இலேசான ஒன்றை வாங்கியிருந்தார். இலேசானது தூரம் போகாதே என்று மருந்தைக் கூட்டிப் போட்டார். அன்றிலிருந்து அவர் சுட்ட முயல்கள் சாகாமல் காயத்தோடு பற்றைக்குள் ஓடின. “முயல் குழந்தை மாதிரி அழும்” என்று அவர் சொன்னதை நான்தான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு டேனிஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் வாய் நான்தான்.

அவர் பயிற்சித் திடலில் சுட்டுப் பார்த்த கடதாசிகளை விரித்துக் காட்டினார். ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. நடுவில் ஒரு முயல் நுழைந்து போகுமளவு வெறுமை. மாமா கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். துவக்கை அவர் தொடவே இல்லை.

“மருந்து கூடிப்போச்சு பிள்ளை. நாலு விரல் போடுறார். மூண்டு காணும். சன்னத்தைக் கூட்டச் சொல்லு.”

உள்ளே மருந்து விழ விழ இடிக்கும் தடி வெளியே உயர்ந்து நிற்கும். உயர்ந்ததை விரலால் அளப்பதுதான் மாமாவின் கணக்கு. டேனிஷ்காரர் தன் மூன்று விரல்களைத் தடியில் வைத்தார். அந்த மூன்றும் எங்களுக்கு ஐந்து. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தடியை மட்டும் கையில் எடுத்துத் தன் மெலிந்த விரல்களை வைத்துக் காட்ட, டேனிஷ்காரர் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். சன்னத்தின் மேல் அடைக்கத் தும்பு நல்லது என்று சொல்லிவிட்டு, மாமா எங்கள் வீட்டு வாசலுக்குப் போனார். தடுக்கின் கதை அதுதான்.

“அப்பாட்டைச் சொல்லிப்போடாதை” என்றார் மாமா.

அடுத்த கிழமை வந்த கடதாசியில் ஓட்டைகள் நெருக்கமாக இருந்தன. அதற்கடுத்த கிழமை ஒரு முயலே வந்தது. அம்மா உறைப்பாகக் கறி வைத்தாள். அப்பா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் பல்லில் ஒரு சன்னம் கடிபட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் ‘டிங்’ என்று விழுந்தது. மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

இந்த நாட்டுக்காரர் யாராவது நற்சான்றுக் கடிதம் கொடுத்தால் மாமாவின் வழக்குக்கு உதவும் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமாக இரண்டு பக்கம் எழுதித் தந்தார். அப்பாவின் டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். கையெழுத்தெல்லாம் அவருக்கு வாசிக்க வராது. என்னைக் கூப்பிட்டார். மாமா அன்று முகாமில் இருந்தார்.

நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். நல்ல மனிதர். கேட்காமலே வேலி வெட்டித் தந்தார், பனி வழித்தார். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘துவக்கைப் பற்றியும் வெடிமருந்தைப் பற்றியும் இவரளவு தெரிந்த ஒருவரை நான் கண்டதில்லை. சிறு வயதிலிருந்தே கையாண்டு பழகியவர்.’ முழுக் கடிதத்திலும் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான். மாமாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது.

“பிறகென்ன எழுதியிருக்கிறார்?”

“மாமா நல்லாய்ச் சிரிப்பாராம்.”

“காணும். நல்லா எழுதியிருக்கிறார் மனுசன்” என்று அப்பா கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டினார்.

முடிவு வந்தபோது அதை வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. பல வருடங்கள் கழித்து அப்பாவின் கோப்பில் நானே தேடி எடுத்து வாசித்தேன். துவக்கைத் தொட்டதில்லை என்று மாமா சொன்னது பொய்யென்று அவருக்காக வந்த கடிதமே காட்டுகிறது. ஆகவே அவர் சொன்ன மற்றவற்றையும் நம்புவதற்கில்லை என்று அதில் இருந்தது. மற்றவை என்பது அவருடைய அண்ணனை வீட்டில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனதும், இவரைத் தேடி இரண்டு தரம் வந்ததும். அவ்வளவும் உண்மை. மாமாவை நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதம் தொலைபேசி எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

என்னை யாரும் ஏசவில்லை. வீட்டுக்கு வருகிற கடிதங்களை அப்பா நூலகத்துக்குக் கொண்டுபோய் அங்கே யாரிடமாவது கேட்டு வாசிக்கத் தொடங்கினார். எனக்குப் படிக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். வேலிக்கு அப்பால் நின்று டேனிஷ்காரர் கேட்டால், மாமா சுகமாக இருக்கிறார் என்பேன்.

முடிவு வந்தபின் மாமா கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் அந்தத் தடுக்கின் மேல் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இரகசியம் வெளியே போய்விட்டது, நான்தான் சொல்லிவிட்டேன் என்று மாமாவுக்குக் கோபமாக்கும் என நினைத்து, பக்கத்தில் போய்க் காதுக்குள் சொன்னேன்.

“நான் அப்பாட்டை ஒண்டும் சொல்லேல்லை மாமா. கடிதத்தில துவக்கைப் பற்றி எழுதியிருந்தது. அதைக்கூட நான் வாசிக்கேல்லை.”

நாடாவைப் பிடித்திருந்த விரல்கள் நின்றுவிட்டன. மாமா என் தலையில் கையை வைத்தார்.

“கெட்டிக்காரி” என்றார்.

அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று, இன்னொரு தரமும் சொன்னேன்.